கேட்டு வாங்கிய பழைய பிஸ்டன்கள்

ஸ்ரீரங்கம்
12-4-1962

தம்பி தர்மராஜுக்கு,

உன் அக்கா பவுனம்மாள் எழுதுகிறேன். நலமா என்று கேட்கிற வரியை எழுதப்போய்க் கை நின்றுவிட்டது. ஆறு வருஷமாகக் கேட்காததை இன்று கேட்டால் பொய்யாக இருக்கும். ரங்கன் உன்னை உயிரோடு வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மாமா மாசி மாதம் போய்விட்டார். மூச்சு முட்டல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தர்மராஜுக்குத் தந்தி கொடுக்கலாமா என்று எதிர்வீட்டு அமிர்தம் கேட்டாள். வேண்டாம் என்றது நான்தான். பிறகு அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கார்டு இருந்தது. அதில் உன் பம்பாய் விலாசம். அதை அவர் வைத்திருந்ததே எனக்குத் தெரியாது.

வாடகைக் கார் ஓட்ட இனி ஆளில்லை என்று வண்டியை விற்கப் பார்த்தேன். லால்குடியிலிருந்து ஒருவர் வந்தார். கூடவே பாலக்கரை மெக்கானிக் ஜெகபர் சாதிக் என்பவரையும் கூட்டி வந்தார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொட்டகை மூலையில் இருந்த டின்னைத் திறந்தார். என் வழக்கம் உனக்குத் தெரியும். குடை ரிப்பேருக்குப் போனால்கூட ஒடிந்த கம்பியைக் கேட்டு வாங்கி வருவேன். மாற்றினேன் என்கிறவன் மாற்றினானா என்று தெரிய வேண்டாமா? அப்படித்தான் அந்த வருஷம் பட்டறையில் மாற்றிய பழைய பிஸ்டன் நான்கையும் உன் மாமா கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். என் பெண் வள்ளிக்கண்ணைக் கொன்ற சாமான்கள். தூக்கிப் போடவும் மனசில்லை, திறந்து பார்க்கவும் மனசில்லை. டின்னில் கிடந்தன.

சாதிக் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இதை ஏம்மா மாத்துனீங்க?" என்றார். ஜாம் ஆகி வண்டி நின்றுவிட்டது என்றேன். "யாரு சொன்னா? இது சாதாரணத் தேய்மானம்மா. இதைவிடக் கேவலமானதைப் போட்டுக்கிட்டு மெட்ராஸ் வரைக்கும் ஓட்டுறானுங்க" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் டின்னை மூடிவிட்டார்.

சாதாரணத் தேய்மானம். நீ சொன்ன அதே வார்த்தை. அன்று உன் பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, பிஸ்டன் நல்லாத்தான் இருக்கு. சாதாரணத் தேய்மானம்தான். ரிங் மட்டும் மாத்துனாப் போதும்" என்றாய். அதற்கடுத்த வாரம் பிரசவத்துக்கு வந்திருந்து வலி எடுத்த பெண்ணை ஏற்றிக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி அம்மா மண்டபம் ரோட்டில் நின்றது. நான் அம்மை போட்டு வேப்பிலைக்குள் கிடந்தேன். கூடப் போக எனக்குக் கொடுப்பினை இல்லை. பிஸ்டன் ஜாம் என்றார் உன் மாமா. குதிரை வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. உன்னை வாசலில் நிற்கவைத்து நான் சொன்னதை இங்கே திருப்பி எழுத மாட்டேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒருவர் பேரில் எழுதிய கணக்கு தப்பாக இருக்குமோ என்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான். இந்தத் தேய்மானம் சாதாரணமா, இல்லையா? உள்ளதை எழுது.

பவுனம்மாள்


பம்பாய், மாதுங்கா
21-4-1962

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தர்மராஜ் வணக்கத்துடன் எழுதுவது. மாமா போன செய்தியைத் தங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். மெஸ்ஸில் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து படித்ததால் அழக்கூட முடியவில்லை. பரிமாறுகிறவன், "என்ன சாரே, சாம்பார்ல காரமா?" என்று கேட்டான். இங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்கள்.

அந்தப் பிஸ்டன்களைக் கொள்ளிடத்தில் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிடுங்கள். நான் எஞ்சின் வேலை பார்ப்பதில்லை. ஜவுளி கோடவுனில் மூட்டை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறேன். வழியில் பட்டறை இருந்தால் எதிர்ப்பக்கம் நடந்து போகிறேன். என் கண்ணை நம்பி என்னிடமா கேட்கிறீர்கள்? அதை நானே நம்புவதை விட்டாயிற்று.

என் பேரில் தாங்கள் எழுதிய கணக்கு இருக்கிறபடியே இருக்கட்டும். அடிக்க வேண்டாம். ஆறிக்கொண்டிருப்பதை ஏன் கிளற வேண்டும்?

தங்கள்,
தர்மராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மறுபடி பிரித்தேன். பிஸ்டனைச் சுற்றிப் பள்ளத்தில் போட்டிருக்கிற ரிங்குகள் அதிலேயே இருக்கின்றனவா? விரலால் தள்ளினால் சுற்றுகின்றனவா? வேண்டாம், பார்க்க வேண்டாம்.


ஸ்ரீரங்கம்
29-4-1962

தர்மராஜு,

பார்க்க வேண்டாம் என்கிறவன் கேள்வியை அடித்துவிட்டல்லவா தபாலில் போட வேண்டும்? எழுதிவிட்டு வேண்டாம் என்றால், பார் என்றுதானே அர்த்தம்.

பார்த்தேன். ரிங்குகள் அதிலேயேதான் இருக்கின்றன, சுற்றவில்லை. பழைய எண்ணெய் காய்ந்து பிசினாக ஒட்டியிருக்கிறது. அதனால் சுற்றவில்லையா, நசுங்கி ஒட்டிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பிசினைக் கழுவ என்ன செய்ய வேண்டும் என்று எழுது. ஜெகபர் சாதிக்கிடம் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் அந்த எஞ்சினை ஜாம் ஆவதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தவன் நீ ஒருவன்தான். முன்னே எப்படி இருந்தது, பின்னே எப்படி ஆயிற்று என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேறு யாரால் முடியும்?

ஆறிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். எங்கே ஆறியது? உன் மாமாவைக் கடைசிவரை பார்க்காதவன் நீ, அதனால் சொல்கிறேன். வள்ளி போன பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவே இல்லை. ஆடி பிறந்தால் வண்டிக்குத் துணி போட்டு மூடிவிடுவார், எந்தச் சவாரியும் எடுக்க மாட்டார். வைகுண்ட ஏகாதசிக்குக் கூப்பிட்டால், "நீ போய்ட்டு வா பவுனு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு" என்பார். ரங்கன் காலடியில் வீடு இருந்தும் இப்படி ஒரு நாஸ்திகனா என்று வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே "சோறு போடு" என்பார்.

இன்னொன்று. தாங்கள், அவர்கள் என்றெல்லாம் எனக்கு எழுதாதே. நான் கலெக்டர் இல்லை. கோபமிருந்தால் கோபமாகவே எழுது.

பவுனம்மாள்


பம்பாய்
8-5-1962

அக்காவுக்கு,

கோபம் இல்லை. கோபம் இருந்தால் எழுதுவது சுலபமாக இருக்கும்.

மூன்று நாள் யோசித்தேன். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று கோடவுனில் மூட்டை எண்ணும்போது மனசு எண்ணவில்லை. ரிங் சுற்றியதா, சுற்றியதா என்றே கேட்டுக்கொண்டிருந்தது. சரி, எழுதுகிறேன். எனக்கும் தெரிய வேண்டும்.

பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுங்கள். பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உங்கள் கை பாத்திரம் தேய்க்கிற கை. அழுக்கோடு சாட்சியையும் தேய்த்துவிடும்.

முதலில், கவிழ்த்த டம்ளர் மாதிரி இருக்கிறதே, அதன் உட்புறம் பாருங்கள். நான் உளியால் புள்ளி குத்தியிருப்பேன். முதலாவதற்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, அப்படி. புள்ளி இல்லையென்றால் அவை நம் வண்டிச் சாமானே இல்லை. மேலே படிக்க வேண்டாம்.

புள்ளி இருந்தால் வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்கே ஒரு கம்பி போக இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லாத மற்ற இரு பக்கமும்தான் சிலிண்டர் சுவரில் உரசுகிற பக்கங்கள். அங்கே மங்கின சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒரு திட்டு இருக்கும். அது ஓடி ஓடி வருவது. திட்டு நேராக இருக்க வேண்டும், நான்கிலும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அதுதான் சாதாரணத் தேய்மானம்.

சூட்டில் பிடித்த பிஸ்டன் அப்படி இருக்காது. உலோகம் இளகி இழுபட்டிருக்கும். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடும். நகம் வைத்தால் மாட்டும். ரிங் பள்ளத்துக்குள் நசுங்கிக் கிடக்கும். ஆறிய பிறகு எஞ்சின் மறுபடி சுற்றும், ஒன்றும் நடக்காத மாதிரி. ஆனால் தழும்பு போகாது. அதனால்தான் அன்றைக்கும் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எஞ்சினை வேறு பட்டறையில் பிரித்தார்கள். யாரும் என்னைப் பார்க்க விடவில்லை.

ரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவே சவர பிளேடு ஒன்று நுழைந்தால் குற்றமில்லை. இரண்டு சேர்ந்து நுழைந்தால் பள்ளம் அதிகம் தேய்ந்துவிட்டது, நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று அர்த்தம்.

பயமாக இருக்கிறது அக்கா.

தர்மராஜ்


ஸ்ரீரங்கம்
20-5-1962

தம்பிக்கு,

ஊறப் போட்டேன். வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. கோலம் போட வந்த பக்கத்து வீட்டுப் பெண், "என்ன அக்கா, ஸ்டவ் வாடை அடிக்குதே, தீபாவளிக்கு இப்பவே பலகாரமா?" என்று கேலி பண்ணிவிட்டுப் போகிறது. இன்று பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டுக் கிணற்றடியில் வெள்ளைத் துணி விரித்து நான்கையும் வைத்தேன். பள்ளிக்கூடம் போகாதவள், கோயில் மதிலில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துத் தமிழ் கற்றவள். அதே மாதிரிதான் இதையும் கூட்டிப் படித்தேன்.

புள்ளிகள் இருக்கின்றன. உன் கைதான். மூன்று புள்ளி ஒரே கோட்டில் இல்லாமல் கோணலாக இருக்கிறது. சின்ன வயசில் நீ வைத்த கோலப்புள்ளியும் இப்படித்தான்.

தலைப்பக்கம் தாளிக்கிற கரண்டியின் அடி மாதிரி கரி. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றிலும் நீ சொன்ன இடத்தில் திட்டு இருக்கிறது. அரைத்து அரைத்து வழவழத்த குழவி மாதிரி இருக்கிறது. திட்டுக்குள்ளும் உற்றுப் பார்த்தால் உள்ளங்கை ரேகை போல மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. திட்டு எதுவும் சாயவில்லை. அகலத்தை நூல் வைத்து அளந்தேன். மூன்றிலும் ஒன்றே. நகம் எங்கேயும் மாட்டவில்லை. ரிங்குகள் இப்போது சுற்றுகின்றன. உன் மாமாவின் பழைய பிளேடு ஒன்று நுழைகிறது, இரண்டு நுழையவில்லை.

மூன்றாவதை எழுதாமல் நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். உள்ளதை எழுது என்று உன்னிடம் கேட்டவள் நான்.

அதில் திட்டு மற்றவற்றைப் போலவே இருக்கிறது. ரிங்கும் சுற்றுகிறது. ஆனால் திட்டுக்குப் பக்கத்தில் மூன்று கீறல்கள். ஆழம். நகம் மாட்டுகிறது.

பவுனம்மாள்


பம்பாய்
27-5-1962

அக்கா,

படித்தேன்.

மூன்றாவது பிஸ்டனை நான் கடைசியாகப் பார்த்தேன். அன்று மழை மூட்டம், பட்டறையில் வெளிச்சம் குறைவு. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாகத்தான் ஞாபகம். ஆனால் ஞாபகம் யாருக்குச் சாதகமாக வேண்டுமானாலும் பேசும்.

அப்படியானால் நான்தான். நீங்கள் வாசலில் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில், நான் செய்யவில்லை, சும்மா சுமக்கிறேன் என்று ஒரு திமிர் இருந்தது. அதுவும் போயிற்று.

ஒன்று மட்டும் பாருங்கள். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டில் போகாது. அந்தக் கீறல்கள் நேராக ஓடுகின்றனவா, சாய்ந்து ஓடுகின்றனவா? கீறலுக்குள் என்ன நிறம்? எண்ணெய்க் கறை உள்ளே இறங்கியிருக்கிறதா? இதற்கு மட்டும் பதில் எழுதிவிடுங்கள். பிறகு நான் தொந்தரவு செய்ய மாட்டேன்.

தர்மராஜ்


ஸ்ரீரங்கம்
4-6-1962

தர்மராஜு,

அவசரப்படாதே. கடிதம் வந்த கையோடு எடுத்துப் பார்த்தேன்.

நேராக ஓடவில்லை. மூன்றும் சாய்ந்திருக்கின்றன, அரிவாள்மணையில் வழுக்கிய பூசணிக்காய் மாதிரி. சுற்றிலும் பழுப்பேறியிருக்கிறது, கீறலுக்குள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கறைக்கு மேலேதான் கீறியிருக்கிறது, கறைக்குக் கீழே இல்லை. இன்னொன்றும் கண்டேன். நேர் எதிர்ப்பக்கத்திலும் தேங்காய்த் துருவியின் பல் பட்டது போல வரிசையாகத் தடம் இருக்கிறது. எதிலோ வைத்து இறுக்கிக் கடிக்க விட்டு, கம்பியைத் தட்டி எடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சரியா?

சரி என்றால் உடனே எழுது. இரண்டு நாளாகப் பிரசாதம்கூட வாயில் வைக்கவில்லை.

அக்கா


பம்பாய்
12-6-1962

என் அக்காவுக்கு,

சரி. நூற்றுக்கு நூறு சரி. பட்டறைக்காரன் வைஸ் இடுக்கியில் வைத்துக் கழற்றியபோது பட்டது அது. எஞ்சினுக்குள் வந்த காயம் இல்லை. திட்டுக்குள் நீங்கள் பார்த்த மெல்லிய கோடுகள் கடைசலில் வந்தவை, சூட்டில் பிடித்திருந்தால் அழிந்திருக்கும். அக்கா, நான்கும் நல்ல பிஸ்டன். சாதாரணத் தேய்மானம். சாதாரணத் தேய்மானம்தான் அக்கா! அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் சொல்கிறேன். என் கண் பொய் சொல்லவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை நடந்தேன். அங்கே ஒருவன் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். போய்க் குனிந்து ஒரு ஒயரைச் சரிசெய்தேன். ஸ்டார்ட் ஆயிற்று. அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அவன் ஹிந்தியில் என்னவோ கேட்டான். நான் அழுததைப் பார்த்துப் பயந்து போய்விட்டான்.

ஜாம் என்று ஏன் நினைத்தார்கள் என்றும் சொல்கிறேன். புது ரிங் போட்ட எஞ்சின் கொஞ்ச தூரம் ஓடிப் பழகும் வரை இறுக்கமாகத்தான் இருக்கும். குளிர்ந்திருந்தால் சுற்றும். சூட்டோடு அணைத்துவிட்டால் ஆறும் வரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுழற்றினாலும் அசையாது. அதை மாமாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வெறும் இறுக்கத்தைத்தான் எல்லாரும் ஜாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனி நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

தம்பி
தர்மராஜ்


ஸ்ரீரங்கம்
20-6-1962

தம்பி தர்மராஜுக்கு,

உன் பேரில் எழுதியது தப்பு. அடித்துவிட்டேன். ரங்கன் சந்நிதியில் நின்று உன் பெயரைச் சொல்லி என்னென்ன கேட்டிருக்கிறேன் என்பது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் அதையெல்லாம் காதில் வாங்காமல் விட்டானே, அதற்கு அவனுக்குக் கோடி நமஸ்காரம்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. சூட்டோடு அணைத்துவிட்டால்தான் அசையாது என்கிறாய். ஓடிக்கொண்டிருந்த வண்டி தானாக நிற்கவில்லை, அப்படித்தானே? அப்படியானால் அணைத்தது யார்? நடுரோட்டில், வலியில் துடிக்கிற பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு, பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் உன் மாமா எதற்கு எஞ்சினை அணைத்தார்?

ஜாம் ஆகாத எஞ்சினுக்குப் புதுப் பிஸ்டன் நான்கு எதற்காக வாங்கிப் போட்டார்? பழையதைக் கேட்பேன் என்று தெரிந்தா?

உனக்குத் தெரியும் என்று எனக்குப் படுகிறது. கொள்ளிடத்தில் போடச் சொன்னவன் நீ.

அக்கா


ஸ்ரீரங்கம்
17-7-1962

தம்பிக்கு,

ஆனி முழுக்கத் தபால்காரனைப் பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பதில் போடாததும் ஒரு பதில்தான்.

நேற்று உறையூருக்குப் போனேன். அமிர்தம் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வள்ளியைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள், அன்று வண்டியில் கூடப் போனவள். டின்னைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"அமிர்தம், இது ஜாம் ஆகல. தம்பி சொல்லிட்டான், நானும் பார்த்துட்டேன். அவரு ஏன் நிறுத்துனாரு?"

"அக்கா, மொதல்ல காப்பி குடிங்க."

"காப்பி குடிக்க வரல."

அவள் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தியம் வாங்கிட்டாங்கக்கா அண்ணன். அவங்களே போயிட்டாங்க, இனிமே யாருக்கு மறைக்கிறது" என்று ஆரம்பித்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ சரிபார்.

"ஆடியில பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிட்டுத் திரும்புற சாயங்காலம்க்கா. மேளச் சத்தம் கேட்டுச்சு. அண்ணன் ஓரமா ஊர்ந்து போயிடலாம்னுதான் பார்த்தாங்க. நானும் ஹாரன அடிங்க, வழி விடுவாங்கன்னேன். வள்ளிதான்க்கா, அந்த வலியிலயும், அப்பா நிறுத்துங்க, எஞ்சின் சத்தத்தோட பெருமாளக் கும்பிடக் கூடாதும்பா அம்மா, எறங்கி நின்னு கும்பிடணும்பான்னா. என் தோளப் பிடிச்சிக்கிட்டு எறங்கி நின்னா. அம்மாவுக்குச் சீக்கிரம் அம்மை எறங்கணும்னு வாய்விட்டு வேண்டுனா. திருப்பி ஏத்திட்டு அண்ணன் சாவியத் திருப்புனாங்க. அசையல. ஹேண்டில் போட்டாங்க. கை தோல் உரிஞ்சு ரத்தம் வந்துச்சு. அசையலக்கா."

அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை. பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இது நிஜமா?

பவுனம்மாள்


பம்பாய்
25-7-1962

அக்கா,

நிஜம்.

காரியம் முடிந்த அன்று மாமா என்னைத் தேடி வந்தார். கையில் கட்டு. "தம்பி, பவுனு உன்னைத் திட்டுறா. திட்டட்டும். உன்னைத் திட்டுனா என்னைக்காவது ஆறிடும். பெருமாளுக்காக நிறுத்துனோம்னு தெரிஞ்சா அவ யாரைத் திட்டுவா? அவளுக்குன்னு வேற யாரு இருக்கா?" என்றார். அவர் என் காலைத் தொட வந்தார் அக்கா. நான் சரி என்றேன். உனக்குப் பெண்ணும் போய்ப் பெருமாளும் போக வேண்டாம் என்றுதான் சரி என்றேன். மறுநாள் நீ வாசலில் என்னைப் பேசியபோது நான் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை மாமா கார்டு போடுவார். "அக்கா நலம், தினம் கோயிலுக்குப் போகிறாள்" என்று இரண்டே வரி. அதைப் படித்தால் எனக்கும் ஒரு திருப்தி.

ஆனால் கழற்றிய பிஸ்டனை மட்டும் நான் பார்க்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே பிடித்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நீ டின்னைப் பற்றி எழுதியதும் ஆசையை அடக்க முடியவில்லை. நான் குற்றவாளி இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக, மாமா இத்தனை வருஷம் மூடி வைத்ததை உன் கையாலேயே திறக்க வைத்துவிட்டேன். உன் கேள்விக்குப் பதில் எழுத எத்தனை தாள் எடுத்தேன், எத்தனை கிழித்தேன்.

என்னைத் திட்டு அக்கா. பழையபடி என்னையே திட்டு. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடாதே.

தர்மராஜ்


ஸ்ரீரங்கம்
14-8-1962

என் தம்பிக்கு,

உன்னைத் திட்ட இனி என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாய் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கையில் கட்டோடு வந்து உட்கார்ந்தவரிடம், "அவன் பார்த்த எஞ்சின எதுக்கு நம்புனீங்க?" என்று கத்தினேன். அந்தக் கட்டு எதனால் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நாஸ்திகன் என்று ஏசும்போதெல்லாம் அவர் சோறு கேட்டது, நான் பேசுவதை நிறுத்தத்தான் போலிருக்கிறது. இந்த வீட்டில் பெருமாள் மேல் கோபமாக இருந்தவர் அவர் ஒருவர்தான். அதையும் எனக்குத் தெரியாமல் தனியாக இருந்துவிட்டுப் போனார்.

வள்ளிக்கு நான் கற்றுக்கொடுத்ததில் அது ஒன்று. பெருமாள் வந்தால் இறங்கி நிற்க வேண்டும். மூன்று வயசில் தூக்கம் கலைத்து எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்.

இந்த வருஷமும் பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளினார். வருஷா வருஷம் அந்தச் சாயங்காலம் அந்த ரோட்டில் நின்று கும்பிடுவேன், அவள் நின்ற இடத்தில் நிற்கிறேன் என்று தெரியாமலே. இந்தத் தடவை போக வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். மேளச் சத்தம் கேட்டதும் கால் தானாகப் போய்விட்டது. அவர் வந்தார். கை பாதி எழுந்து நின்றுவிட்டது. கும்பிட வரவில்லை. திட்டவும் வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். என் பெண் கடைசியாக நின்று பார்த்த முகம் அதுதானே. அதற்காகப் பார்த்தேன். எல்லாரும் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

கோயிலுக்குப் போகிறேன். நிறுத்தவில்லை. ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. பேசாமல் போய்ப் பேசாமல் வருகிறேன். இது எப்போது சரியாகும், சரியாகுமா என்று எனக்குத் தெரியாது.

லால்குடிக்காரரிடம் வண்டி இல்லை என்று சொல்லிவிட்டேன். மாசியிலிருந்து கொட்டகையிலேயே நிற்கிறது. எலி குடும்பம் நடத்துகிறது. மூட்டை எண்ணியது போதும், கோடவுனில் கணக்கு முடித்துவிட்டு வா. வந்து எஞ்சினைப் பார். பிஸ்டன் எப்படி இருக்கிறது என்று நீ சொன்னால் போதும், வேறு யாரையும் நான் கேட்கப்போவதில்லை. பழைய சாமானும் கேட்க மாட்டேன்.

ஓடுகிற மாதிரி ஆனதும் என்னை அந்த ஆஸ்பத்திரி வரைக்கும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போ. அவள் போக வேண்டிய தூரத்தை நான் போய்ப் பார்க்க வேண்டும். நீதான் ஓட்ட வேண்டும். வழியில் பெருமாளே எதிரே வந்தாலும் எஞ்சினை அணைக்காதே. நான் உள்ளே இருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

அக்கா
பவுனம்மாள்